சால்மனுக்கு எந்த மாதம் எந்த ஃப்ளை: நம்மவர் அனுபவங்கள்

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து

சாட்ஸ்வர்த் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். ஸ்காட்லாந்தின் அபர்டீனில் வேலை பார்க்கும் மகளிடம் போகிறாராம்; அங்கே டீ (Dee) ஆற்றில் சால்மன் பிடிக்க என்னென்ன ஃப்ளை, அதாவது முள்ளில் இறகும் மயிரும் கட்டிய பொய் இரை, வாங்கிக்கொண்டு போவது என்று. நான் இங்கே தென்னாப்பிரிக்காவில், டிரேக்கன்ஸ்பர்க் மலை ஆறுகளில் டிரவுட் மீனுக்குத் தூண்டில் கோல் வீசிப் பழகியவன். என் மருமகன் ஸ்காட்லாந்தில் இருந்த காலத்தில் டீயிலும், ஒரு செப்டம்பரில் டே ஆற்றிலும் சால்மனுக்கு நின்றிருக்கிறேன். அந்த அளவில் சொல்கிறேன்.

இங்கே லோதேனி ஆற்றிலோ உம்சிம்குலு ஆற்றிலோ இறங்கினால் முதலில் என்ன செய்வோம்? ஒரு கல்லைப் புரட்டுவோம். அடியில் ஒட்டிக்கொண்டு நெளியும் மேஃப்ளைப் புழு என்ன நிறம், எத்தனை பெரிது என்று பார்த்து, அதற்கு ஏறக்குறைய ஒத்த நிம்ஃபை, அதாவது புழு வடிவ ஃப்ளையைக் கட்டுவோம். டீயில் கல்லைப் புரட்டிப் பயனில்லை. கடலில் தின்று கொழுத்துவிட்டு முட்டையிட வரும் சால்மன், ஆற்றுக்குள் நுழைந்ததும் இரை எடுப்பதை விட்டுவிடும். அப்புறம் ஏன் ஃப்ளையைக் கவ்வுகிறது என்றால், எரிச்சல், பழைய பழக்கம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். காரணம் எதுவாகவும் இருக்கட்டும். பசியில்லாத மீனுக்கு முன்னால் ஃப்ளை எவ்வளவு பெரிது, எந்த ஆழத்தில் போகிறது, எவ்வளவு மெதுவாகப் போகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். நிறம் அதற்குப் பிறகு. ஃப்ளையின் பெயர் கடைசி.

இதை எனக்குப் புரியவைத்தவர் மார்ச் மாதம் டீயில் கூட நின்ற கில்லி. ஆற்றின் அந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்டு, வருபவர்களுக்கு வழி காட்டுவது அவர் வேலை. பேச்சு குறைவு. ஃப்ளைப் பெட்டியைத் தொடுவதற்கு முன் சட்டைப்பையிலிருந்து நூல் கட்டிய வெப்பமானியை எடுத்துத் தண்ணீரில் விட்டார். குனிந்தபடியே காத்திருந்து, எடுத்து, கண்ணருகே பிடித்துப் பார்த்தார். 5 டிகிரி. உடனே மூழ்கும் லைன் (தூண்டில் கயிறு), பித்தளைக் குழாயில் கட்டிய வில்லி கன் என்ற ஃப்ளை. கறுப்பு, ஆரஞ்சு, மஞ்சள் மயிர் கலந்து கிட்டத்தட்ட என் விரல் நீளம் இருந்தது. அந்தக் குளிரில் சால்மன் ஃப்ளையைத் துரத்தி வராது. அதன் மூக்குக்கு முன்னாலேயே, அடியாழத்தில், மெதுவாகக் கொண்டுபோக வேண்டும். 15 அடி இரட்டைக்கைக் கோல். அன்று என் தோள் பட்ட பாடு தனிக்கதை.

தண்ணீர் 9, 10 டிகிரியைத் தாண்டியதும் கதை மாறும். மிதக்கும் லைன், 6 அல்லது 8-ம் நம்பர் முள். நம்பர் கூடக் கூட முள் சிறிது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஜூலையில் ஆறு வற்றிக் கண்ணாடியாகக் கிடக்கும்போது சில்வர் ஸ்டோட் என்ற ஃப்ளையில் 12, 14-ம் நம்பர் வரை இறங்க வேண்டும். அதுவும் விடியலிலும் அந்தியிலும் மட்டும். இலை உதிரத் தொடங்கி, தண்ணீர் மறுபடி குளிர்ந்தால் முள்ளும் மறுபடி பெரிதாகும். டேயில் எனக்கு மீன் கிடைத்தது அல்லிஸ் ஷ்ரிம்ப் என்ற ஆரஞ்சு நிற ஃப்ளையில். லைன் கரையை நோக்கி வளைந்து வரும்போது, ஈரத் துணியை யாரோ அந்தப் பக்கமிருந்து பிடித்துக்கொண்டது போல ஒரு கனம். டிரவுட் என்றால் கை தானாகக் கோலைத் தூக்கும். கில்லி என் முழங்கையைப் பிடித்து அமுக்கிவிட்டார். மீன் திரும்பி, ரீலிலிருந்து லைன் ஓடத் தொடங்கிய பிறகுதான் கோலை உயர்த்த விட்டார்.

ஹோவிக்கிலிருந்து

அண்ணா சொன்னதில் ஒன்றை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்: நிறம் அப்புறம் என்பதை. ஃப்ளை கட்டிக் கொடுப்பவள் என்பதால் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சால்மன் எனக்குத் தெரியாது, நம் ஆறுகளைச் சொல்கிறேன்.

செப்டம்பரில் மழையில்லாக் குளிர்காலம் முடிந்து ஆறு மெலிந்து தெளிந்து இருக்கும். 16, 18 நம்பர் ஃபெசன்ட் டெயில் நிம்ஃப் போதும். டிசம்பரில் பிற்பகல் இடிமழை கொட்டியதும் அதே ஆறு காப்பி நிறமாகிவிடும். அப்போது வூலி பக்கர் என்ற ஃப்ளையைக் கறுப்பில் போட்டாலொழிய மீன் எதையும் பார்க்காது. கலங்கலில் கறுப்புதான் நிழலாகத் தெரியும். அதே அளவில் ஆலிவ் நிறத்தைப் போட்டுவிட்டு நாளெல்லாம் வெறுமனே நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எனக்குப் பிடித்தது மார்ச், ஏப்ரல். காம்பர்க்கில் மூயி ஆற்றோரம் புல் உயர்ந்து நிற்கும். காற்றடித்தால் வெட்டுக்கிளி தண்ணீரில் விழும். மான்மயிரில் கட்டிய டிடிடி என்ற மிதக்கும் ஃப்ளை ஒன்றைக் கரையோரப் புல்லுக்கு அடியில் விட்டேன், தண்ணீர் லேசாக உள்வாங்கியது, அவ்வளவுதான், பிரவுன் டிரவுட். அந்த மீனின் மூதாதைகள் 1890-ல் ஸ்காட்லாந்திலிருந்து முட்டையாகக் கப்பலில் வந்தவை. தம்பி அங்கே போய்ப் பிடிக்காவிட்டாலும் இங்கே வந்து பிடிக்கலாம்!

சாட்ஸ்வர்த்திலிருந்து

கேட்டவன் நான்தான். அண்ணா, அக்கா, இருவருக்கும் நன்றி. நான் ஷாட் மீனுக்குக் கல்மேல் நின்று சார்டின் துண்டு போடுகிற ஆள். சால்மன் என்று நான் பிடித்ததெல்லாம் கழிமுகத்தில் டாகா சால்மன், அது வேறு சாதி மீன். அதற்கு உயிர் இரையைப் போட்டுவிட்டு ராத்திரி முழுக்க உட்காரலாம். இரை எடுக்காத மீனுக்கு இறகைக் காட்டுவது என்பதை என் அப்பா கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

சரி, ஒரு சந்தேகம். நான் போவது மே கடைசி. இங்கே டர்பனில் வாங்கிக்கொண்டு போகலாமா? ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் மருமகனுக்கு விடுமுறை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து

தம்பி, முதலில் மருமகனிடம் வேறொரு நாள் லீவு போடச் சொல்லுங்கள். ஸ்காட்லாந்தில் ஞாயிறன்று சால்மன் பிடிக்கச் சட்டம் அனுமதிக்காது. டீயில் சீசன் பிப்ரவரி 1 முதல் அக்டோபர் 15 வரை, பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும். ஆகவே முள்ளின் எதிர்க்கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். மகளிடம் மீன் குழம்புக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

ஃப்ளை இங்கே வாங்க வேண்டாம். ஆற்றோர ஊர்களில் உள்ள கடைக்காரருக்கு அந்த வாரத் தண்ணீர் தெரியும். மே கடைசிக்கு மிதக்கும் லைனும் 8, 10 நம்பரில் கறுப்பும் கொஞ்சம் ஆரஞ்சும் கலந்த நாலைந்தும் இருந்தால் போதும். தண்ணீர் குளிர்ந்திருந்தால் ஒரு நம்பர் பெரிது, வெயிலாகி வற்றியிருந்தால் ஒரு நம்பர் சிறிது.

அக்கா சொன்னது மழைவெள்ளத்துக்குப் பொருந்தும். அங்கே மலைக்கரி மண் கரைந்து தண்ணீர் கடுந்தேநீர் நிறத்தில் வரும். அப்போது ஆரஞ்சு, மஞ்சள், தங்கச் சரிகை சுற்றியது. ஆனால் வெள்ளம் ஏறும்போது போகாதீர்கள். வடிந்து தெளியத் தொடங்கும் அந்தச் சில மணி நேரம்தான் மீன் நகரும்.

ஆற்றில் இறங்கப் போடும் உங்கள் பழைய நீர்புகாக் கால்சட்டையையும் (வேடர்) வலையையும் கொண்டுபோவதாக இருந்தால் கிருமிநாசினி போட்டுக் கழுவி நன்றாகக் காயவைத்து எடுத்துப் போங்கள். நார்வே ஆறுகளைப் பாழாக்கிய சால்மன் ஒட்டுண்ணி தங்கள் ஆற்றுக்கு வந்துவிடக் கூடாது என்று அவர்கள் கண்டிப்பாகக் கேட்பார்கள். கோல் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும்.