மறுமொழி: கார் ‘ஸ்டைலிங்’ – ஒப்பனை வேண்டாம், வனைவு எப்படி?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். இந்த இழையில் வந்த மடல்களை நேற்றிரவு ஒருசேரப் படித்தேன். கார் ‘ஸ்டைலிங்’ என்பதற்கு, அதாவது காரின் வெளித்தோற்றத்தை உருவாக்கும் வேலைக்கு, தமிழில் வடிவமைப்பு, ஒயிலாக்கம், ஒப்பனை என்று மூன்று சொற்கள் களத்தில் நிற்கின்றன. மூன்றிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

வடிவமைப்பை ‘டிசைன்’ எடுத்துக்கொண்டு வெகுகாலமாகிறது. எஞ்சினை வடிவமைப்பவரும் உண்டு, பிரேக்கை வடிவமைப்பவரும் உண்டு. காரின் மேனியைப் பார்த்துப் பார்த்து உருவாக்குபவருக்கும் அதையே கொடுத்தால் யார் எவர் என்று தெரியாது. ஒயிலாக்கம் காதுக்கு இனிமைதான். ஆனால் இலங்கையில் எஞ்சின் எண்ணெயையே ‘ஒயில்’ என்று எழுதுகிறார்கள். கார்க் கட்டுரையில் அந்தச் சொல்லைப் பார்க்கும் யாழ்ப்பாணத்து வாசகர், எண்ணெய் மாற்றுவதைப் பற்றிய குறிப்பு என்று நினைத்துக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஒப்பனையைத்தான் அவ்வளவு எளிதில் தள்ள முடியவில்லை. அதை முன்மொழிந்த ஐயா, அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் கார்களின் தோற்றத்தை உருவாக்கிய ஹார்லி ஏர்லைச் சாட்சிக்கு அழைத்திருந்தார். நியாயமான சாட்சி. பி-38 போர் விமானத்தின் வாலைப் பார்த்து, 1948ஆம் ஆண்டு அந்த நிறுவனத்தின் காடிலாக் காரின் பின்புறத்தில் இரண்டு சிறு துடுப்புகளை முளைக்கவிட்டது அவருடைய குழு. 1959இல் அந்தத் துடுப்புகள் சுறாவுக்கே கூச்சம் வரும் அளவுக்கு வளர்ந்து நின்றன. அவற்றால் வண்டி வேகமாக ஓடிவிடவில்லை. முன்னும் பின்னும் இழைத்த குரோமும் அப்படித்தான். அதை ஒப்பனை என்றால் நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் அதே ஏர்ல் வேலை செய்த விதத்தைப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலிஸில் அவருடைய தந்தைக்குச் சொந்தமாக ஒரு பட்டறை இருந்தது. நம் கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிறார்களே, அதுபோல அங்கே திரைப்பட நடிகர்களின் கார்களுக்குக் கூடு கட்டினார்கள். மகன் அங்கே களிமண்ணில் மாதிரி செய்யப் பழகினார். காடிலாக்கின் தலைவர் அதைப் பார்த்துத்தான் அவரை டெட்ராயிட்டுக்கு அழைத்தார். 1927இல் அவர் உருவாக்கிய லசால் கார் வந்தது. அதே ஆண்டில் ‘கலை, வண்ணப் பிரிவு’ ஒன்றை நிறுவனம் தொடங்கி, அவரிடம் ஒப்படைத்தது. பத்தாண்டு கழித்து அந்தப் பிரிவின் பெயரை ‘ஸ்டைலிங்’ என்று மாற்றினார்கள். நாம் மொழிபெயர்க்கத் திணறும் ஆங்கிலச் சொல்லே பின்னால் மாட்டிய பெயர்ப்பலகைதான். முன்னால் இருந்தது மண்.

அந்த மண் வேலையை ஒருமுறை அருகிலிருந்து பார்த்தேன். ஆற்று மண் அல்ல. மெழுகு கலந்த, காய்ந்து வெடிக்காத பழுப்புக் களிமண். அடுப்பில் சூடாக்கி, இளகியதும் நுரைப்பலகைக் கூட்டின் மேல் கட்டைவிரலால் அழுத்தி அப்புகிறார்கள். ஆறியதும் பல் வைத்த சுரண்டியால் இழுக்க, சுருள் சுருளாக உதிர்கிறது. கதவின் மேல் ஓடும் ஒரு கோட்டுக்காக ஒருவர் காலையிலிருந்து சுரண்டிக்கொண்டிருந்தார். பிற்பகலில் தலைவர் வந்து உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டு, ‘இங்கே பள்ளம்’ என்றார். என் கண்ணுக்குப் பள்ளமே தெரியவில்லை. பிறகு வெள்ளி நிறப் படலம் ஒன்றை ஈரத்தோடு இழுத்து ஒட்டினார்கள். விளக்கின் ஒளி அதன்மேல் வழிந்து வந்து, அவர் சொன்ன இடத்தில் நெளிந்தது.

கை, மண், உரு. இதற்குத் தமிழில் ஏற்கெனவே வினை இருக்கிறது: வனைதல். என் பரிந்துரை ‘வனைவு’. செய்பவர் ‘வனைஞர்’. புனைவு என்று இருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்; அதைக் கதைக்காரர்கள் எப்போதோ கொண்டுபோய்விட்டார்கள்.

‘வனைதல் குயவருக்கு உரியது, சக்கரத்தில் சுற்றி எடுப்பது’ என்று தடை வரும் என்பது தெரியும். புறநானூற்றில் முதுமக்கள் தாழி செய்யும் கலஞ்செய் கோவை, அதாவது குயவரைக் கேட்கும் பாட்டில் வருவதும் இந்த வினைதான் (பாடல் 228). அங்கே குயவரின் சக்கரத்துக்குத் ‘திகிரி’ என்று பெயர். தேரின் சக்கரமும் திகிரிதான். எனக்கு இது தடையாகத் தோன்றவில்லை, அழைப்பாகத் தோன்றுகிறது. போதாக்குறைக்கு, 1951இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் எட்டுக் கார்களைக் கலைப்பொருளாகவே காட்சிக்கு வைத்தது. இத்தாலிய வனைஞர் பினின் ஃபரீனாவின் சிசிதாலியா 202 அவற்றுள் ஒன்று. உள்ளே வெற்றிடம் கொண்ட, உருளும் சிற்பம் என்பதுதான் கார்களைப் பற்றி அவர்கள் சொன்ன விளக்கம். உள்ளே வெற்றிடம் வேண்டும் என்பதற்காகவே செய்யும் இன்னொரு பொருள் பானை.

சிற்பம் என்றதும் ஃபிளாமினியோ பெர்த்தோனியைச் சொல்லாமல் விடக் கூடாது. அவர் உண்மையிலேயே சிற்பி. பிரெஞ்சுக் கார் நிறுவனமான சிட்ரோயனுக்கு 1934இல் டிராக்சியன் அவான், 1955இல் டிஎஸ் முதலிய கார்களை வனைந்தார். டிஎஸ்ஸைப் பாரிஸ் கண்காட்சியில் திறந்து வைத்த முதல் நாளிலேயே 12,000 பேர் பதிவு செய்தார்கள். அந்த மூக்கைப் பார்த்துவிட்டு ‘நல்ல ஒப்பனை’ என்று யாராவது சொல்வார்களா? ஒட்டியது எதுவுமே இல்லை. முழு உடலும் ஒரே இழுப்பில் வந்திருக்கிறது. ஆகவே ஒப்பனையை முற்றிலும் கைவிட வேண்டாம். வனைந்த பிறகு மேலே வைக்கும் குரோம், பட்டை, முத்திரை ஆகியவற்றுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

அம்மையார் கேட்டிருந்த இன்னொரு சொல்: பழைய வனைஞர்களின் அடையாளம் புதிய கார்களில் தொடர்ந்து வருவதற்கு என்ன பெயர்? இதற்கு மூளையைக் கசக்க வேண்டியதில்லை. ‘சாயல்’. பிஎம்டபிள்யூ கார்களின் பின்பக்க ஜன்னல், கீழே வந்து முன்னோக்கி ஒரு மடிப்பு மடியும். அந்த நிறுவனத்தின் வனைஞர் வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டர் தலைமையில் 1961இல் வந்த மடிப்பு. பேரன்களின் முகத்தில் இன்றும் இருக்கிறது. பாட்டனார் சாயல் என்று வீட்டில் சொல்வதில்லையா?

சாயல் கடல் தாண்டியும் போகும். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு பலருக்கு நினைவிருக்கும். முன்மூடி முழுவதும் முதலை வாயைப் போலத் திறந்துகொள்ளும். அதன் மூலமான டிரையம்ஃப் ஹெரால்டை 1959இல் வனைந்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலொட்டி. பின்புறம் பார்த்தால் இரண்டு சிறு துடுப்புகள் அடக்கமாக நிற்கும். ஏர்ல் கிளப்பிய அலையின் நுரை என்றுதான் அதை நான் பார்க்கிறேன். எங்கள் தெருவில் நின்ற ஹெரால்டின் துடுப்பில் காலையில் பால்காரர் பையைத் தொங்கவிடுவார்.

நம் கலைச்சொல் பட்டியலில் வனைவு, வனைஞர், சாயல் மூன்றையும் சேர்த்துவிடலாமா என்று சொல்லுங்கள். ஒன்று மட்டும் எனக்குக் கிடைக்கவில்லை: அந்த வெள்ளிப் படலம். ‘ஒளியோட்டத் தாள்’ என்று தற்காலிகமாகக் குறித்திருக்கிறேன். அச்சகம், தையல், நகைத் தொழிலில் இருப்பவர்கள் யாரிடமாவது இதைவிட நல்ல சொல் புழக்கத்தில் இருந்தால் அனுப்புங்கள்.