இதயச் செயலிழப்பு: டிஸ்சார்ஜ் ஆனபின் முதல் 10 நாள் வீட்டில் என்ன கவனிக்கணும்?

தென்றல்77 (கேள்வி)

அப்பாவுக்கு 71 வயசு. இதயத்தோட பம்ப் பண்ற திறன் குறைஞ்சு, நுரையீரல்ல நீர் கோத்து அட்மிட் ஆகியிருந்தார். நேத்து டிஸ்சார்ஜ். அடுத்த செக்கப் 10 நாள் கழிச்சு. இப்போ எழுதிக் கொடுத்தது: ஃபுரோசமைடு (நீர் பிரிய வைக்கிற மாத்திரை) 40 மி.கி. ரெண்டு வேளை, ஸ்பைரனோலாக்டோன் 25 ஒரு வேளை, சகுபிட்ரில்-வால்சார்டன் 50 ரெண்டு வேளை, பைசோப்ரோலால் (இதயத் துடிப்பை நிதானமாக்கறது) 2.5, டபாக்லிஃப்ளோசின் (சுகருக்கும் குடுக்கறது) 10.

பிரச்சினை என்னன்னா, வீட்டுல பழைய மாத்திரை ஒரு பை நிறைய இருக்கு. பிரஷருக்கு எனலாப்ரில், டெல்மிசார்டன், சுகருக்கு பயோகிளிட்டசோனும் கிளிமிபிரைடும், கொலஸ்ட்ராலுக்கு அடோர்வாஸ்டாடின், முட்டிவலிக்கு டைக்ளோஃபெனாக். இதையெல்லாம் தொடரலாமா, நிறுத்தணுமான்னு டிஸ்சார்ஜ் சம்மரியில ஒரு வரி கூட இல்ல. "எடை பாருங்க, உப்பைக் குறைங்க"ன்னு மட்டும் சொன்னாங்க. எவ்வளவு ஏறினா போன் பண்ணணும்? நீர் நல்லா பிரியட்டும்னு சொந்தக்காரங்க நிறைய தண்ணி குடிக்கச் சொல்றாங்க. சரியா?

மாத்திரைமணி

எடை, உப்பு எல்லாம் அப்புறம். முதல் வேலை அந்தப் பை. நாளைக்குத் தள்ளாதீர்கள்.

எனலாப்ரிலும் சகுபிட்ரிலும் ஒருபோதும் சேரக்கூடாது. பிராடிகைனின் என்ற பொருளை உடைக்கும் வழியை இரண்டுமே அடைக்கின்றன. அது உடம்பில் தேங்கினால் உதடு, நாக்கு, தொண்டை வீங்கி மூச்சே அடைக்கலாம். கடைசி எனலாப்ரிலுக்கும் முதல் சகுபிட்ரிலுக்கும் இடையே 36 மணி நேரமாவது போயிருக்க வேண்டும். வார்டுக்குப் போன் செய்து "கடைசி எனலாப்ரில் எப்போது கொடுத்தீர்கள், சகுபிட்ரில் எப்போது ஆரம்பித்தீர்கள்" என்று நேரத்தோடு கேளுங்கள். டெல்மிசார்டன், வால்சார்டன் இரண்டும் ஒரே வகை. சேர்ந்தால் பிரஷர் இறங்கும், பொட்டாசியம் ஏறும்.

டைக்ளோஃபெனாக் உப்பையும் நீரையும் உடம்பில் பிடித்து வைக்கும், ஃபுரோசமைடு செய்யும் வேலையைக் கெடுக்கும், சிறுநீரகத்தையும் அடிக்கும். வலிக்குப் பாரசிட்டமால் கேட்டு வாங்குங்கள். தண்ணீரில் போட்டால் பொங்கும் வகை மட்டும் வேண்டாம், அதில் சோடியம் அதிகம். பயோகிளிட்டசோனும் நீரைத் தேக்கும் மருந்துதான், இதயச் செயலிழப்பில் ஆகாது. கிளிமிபிரைடோடு டபாக்லிஃப்ளோசின் சேரும்போது சுகர் தாழலாம், டோஸ் குறைக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

அடோர்வாஸ்டாடின் வேறு கதை. சம்மரியில் எழுத விட்டுப் போவது அடிக்கடி நடக்கும். பெயர் இல்லை என்பதற்காக நீங்களாக நிறுத்த வேண்டாம்.

எல்லா ஸ்டிரிப்பையும் மேசையில் பரப்பி, பிராண்ட் பெயரை விட்டுவிட்டு அதன் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரை எழுதுங்கள். ஒரே மருந்து இரண்டு பிராண்டில் இருப்பது அப்போதுதான் தெரியும். எதிரே தொடர, நிறுத்த, கேட்க என்று குறியுங்கள். நிறுத்தியதைத் தனிப் பையில் கட்டி, அப்பா கை எட்டாத இடத்தில் வையுங்கள். பழக்கத்தில் கை பழைய டப்பாவுக்குத்தான் போகும்.

வார்டுசிஸ்டர்

மேலே சொன்னது அத்தனையும் சரி. நான் எடைக்கு வர்றேன்.

காலையில எழுந்து சிறுநீர் கழிச்சதும், எதுவும் சாப்பிடறதுக்கு முன்னாடி, ஒரே மாதிரி லேசான உடையில, ஒரே மெஷின்ல பாருங்க. மெஷின் கெட்டியான தரையில இருக்கணும். மெத்து விரிப்பு மேல வச்சா தப்பா காட்டும். ஆஸ்பத்திரி மெஷினும் வீட்டு மெஷினும் ஒத்துப்போகாது. அதனால இன்னிக்கு காலையில வீட்டுல பாக்கற எடைதான் உங்க கணக்கோட ஆரம்பம்.

3 நாளைக்குள்ள 2 கிலோ ஏறினா அன்னிக்கே போன். ஒரே நாள்ல ஒரு கிலோவுக்கு மேல ஏறி, கூடவே வீக்கமோ மூச்சு வாங்கறதோ இருந்தா 3 நாள் காத்திருக்க வேண்டாம். இவ்வளவு வேகமா ஏறறது சதை இல்ல, நீர். கால் வீங்கறதுக்கு முன்னாடியே எடை காட்டிக் கொடுத்துடும். எடை இறங்கறதும் பிரச்சினைதான்: ரெண்டு கிலோ குறைஞ்சு, எழுந்தா தலை சுத்துதுன்னா நீர் அளவுக்கு மேல போயிருக்கு, அதுக்கும் போன் பண்ணணும்.

தலையணை எத்தனைன்னும் தினமும் எழுதுங்க. ஒண்ணு வச்சு படுத்தவர் மூணு கேக்கறாரு, ராத்திரி மூச்சுமுட்டி எழுந்து உக்கார்றாருன்னா எடை அப்படியே இருந்தாலும் சொல்லணும்.

உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்கினா, நெஞ்சு வலிச்சா, மயக்கம் வந்தா, உதடு நீலம் பாரிச்சா, சளி நுரையா இளஞ்சிவப்பா வந்தா ஆம்புலன்ஸ்தான், போன்ல ஆலோசனை கேக்கற நேரம் இல்ல. படுக்க வைக்காம நிமிர்ந்து உக்கார வச்சு, காலைத் தொங்கப் போடுங்க.

ஃபுரோசமைடு ரெண்டாவது டோஸை மதியமே குடுத்துடுங்க. சாயங்காலத்துக்குத் தள்ளினா ராத்திரி முழுக்க பாத்ரூமுக்கு நடப்பாரு, இருட்டுல விழுவாரு.

நதிமூலம்

தண்ணீர் நிறைய குடித்தால்தான் சிறுநீரகம் சுத்தமாகும். மாத்திரை போடும்போது இன்னும் அதிகமாகவே குடிக்கலாம் என்பது என் கருத்து.

மாத்திரைமணி

இவருக்கு அது பொருந்தாது. தேங்கிய நீரை வெளியேற்றத்தான் மாத்திரையே. உள்ளே ஊற்ற ஊற்ற நுரையீரலில்தான் சேரும். டாக்டர் அளவு சொல்லியிருந்தால் (பலருக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர்) காலையிலேயே ஒரு பாட்டிலில் அந்த அளவு நிரப்பி வையுங்கள். எதைக் குடித்தாலும் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து கீழே கொட்டிவிடுங்கள். பாட்டில் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. அளவு சொல்லாவிட்டால் தாகத்துக்குக் குடிக்கட்டும், வலிந்து கொடுக்க வேண்டாம்.

உப்பு எல்லாம் சேர்த்து நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது மட்டமாக ஒரு டீஸ்பூன். பாக்கெட்டில் வருவதில் ஒளிந்திருக்கும் உப்பும் இதில் சேர்த்திதான். "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதை வாங்கிவிடாதீர்கள், அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு. ஸ்பைரனோலாக்டோனும் வால்சார்டனும் ஏற்கெனவே பொட்டாசியத்தை ஏற்றுபவை. அது எகிறினால் இதயத் துடிப்பே தடம் மாறும், வெளியே அறிகுறி தெரியாமலும் இருக்கலாம். அதனால் பொட்டாசியம், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) டெஸ்டை ஒரு வாரத்தில் எடுக்கலாமா என்று இப்போதே கேளுங்கள். 10ஆம் நாள் செக்கப்புக்கு ரிசல்ட் கையில் இருந்தால் டோஸை அங்கேயே மாற்றலாம்.

வாந்தி, பேதி வந்தாலோ சாப்பாடே இறங்காவிட்டாலோ அன்றே டாக்டரிடம் பேசுங்கள். டபாக்லிஃப்ளோசினையும் நீர் மாத்திரையையும் தற்காலிகமாக நிறுத்தச் சொல்லலாம். பட்டினியில் டபாக்லிஃப்ளோசின் தொடர்ந்தால், சுகர் சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறக்கூடும். பைசோப்ரோலாலை மட்டும் யார் சொன்னாலும் டாக்டரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தாதீர்கள்.

தென்றல்77

வார்டுக்குப் போன் பண்ணிட்டேன். எனலாப்ரில் அட்மிட் ஆன அன்னிக்கே நிறுத்தி, நாலாம் நாள்தான் புதுசு ஆரம்பிச்சாங்களாம். டெல்மிசார்டன், டைக்ளோஃபெனாக், பயோகிளிட்டசோன் மூணும் நிறுத்தச் சொன்னாங்க. அடோர்வாஸ்டாடின் தொடரணும், எழுத விட்டுப் போச்சாம். கிளிமிபிரைடைப் பாதியா குறைச்சிருக்காங்க. ஒரு சந்தேகம்: பிடிக்காம மெஷின்ல நிக்க அவரால முடியல. எடை எப்படி பாக்கறது?

வார்டுசிஸ்டர்

சுவத்தையோ ஆளையோ பிடிச்சுட்டு நின்னா எடை குறைச்சுத்தான் காட்டும், அந்த நம்பரை நம்பாதீங்க. விழவும் வாய்ப்பிருக்கு. உக்காந்து பாக்கற நாற்காலி மெஷின் வாடகைக்குக் கிடைச்சா எடுங்க. இல்லன்னா டேப். முட்டிச் சில்லுக்கு 10 செ.மீ. கீழே பேனாவால ஒரு கோடு, கணுக்காலுக்கு மேல ஒரு கோடு. காலையில கட்டிலை விட்டு இறங்கறதுக்கு முன்னாடி ரெண்டு காலையும் சுத்தளவு எடுத்து எழுதுங்க. முன்னங்கால் எலும்பு மேல கட்டை விரலை 5 விநாடி அழுத்தி எடுத்தா குழி நிக்குதான்னும் பாருங்க. ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சா அது நீர் தேக்கம் இல்ல, ரத்தக்கட்டா இருக்கலாம், அன்னிக்கே காட்டணும். பெரும்பாலும் படுத்தே இருக்கறவருக்கு வீக்கம் கால்ல தெரியாம இடுப்புக்குக் கீழ முதுகுப் பக்கம் சேரும். உடம்பு துடைச்சு விடும்போது அங்கயும் அழுத்திப் பாத்துடுங்க.