அம்மா அப்பாவோடு விண்ட்சர்: நான் லீவு போட்ட தேதிக்கு டிக்கெட்டே காட்டவில்லை, என்ன செய்வது?

வேலூர்ப் பொண்ணு:
எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இங்கிலாந்துக்குப் புதிது. அம்மாவும் அப்பாவும் என்னைப் பார்க்க வந்திருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை ராத்திரி ஊருக்குத் திரும்புகிறார்கள். வந்ததிலிருந்து மழை, என் வேலை, வீட்டு வேலை என்றே போய்விட்டது. உருப்படியாக ஓர் இடத்துக்கும் கூட்டிப்போகவில்லை. கெஞ்சி ஒரு நாள் லீவு வாங்கி, அன்றைக்கு விண்ட்சர் கோட்டை என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். இப்போது டிக்கெட் எடுக்க உட்கார்ந்தால் அந்தத் தேதியையே காட்டவில்லை. எல்லாம் விற்றுவிட்டதா? வாசலில் போய் நின்றால் கிடைக்குமா? வேறொரு தளத்தில் பஸ் பயணத்தோடு சேர்த்து விற்கிறார்கள், விலை பயங்கரம். அதை எடுத்துவிடட்டுமா? அப்பா தினமும் கேட்கிறார். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

குரோய்டன்காரன்:
கோட்டைக்குள் போகவே வேண்டாம். பெரியவர்களுக்கு ஆளுக்கு முப்பது பவுண்டை ஒட்டிக் கேட்பார்கள். உள்ளே நாற்காலி, கட்டில், ஓவியம், அவ்வளவுதான். குழந்தைகள் இருந்தால் லெகோலாண்ட் போங்கள், அதுவும் விண்ட்சரில்தான் இருக்கிறது. முன்பு சஃபாரி பார்க்காக இருந்த இடம், 1996-இல் லெகோலாண்டாகத் திறந்தார்கள். முழு நாளும் அங்கேயே போய்விடும். நாங்கள் வந்த புதிதில் கையில் காசே கிடையாது. வாடகை கொடுத்தால் மிச்சத்தில் அரிசி வாங்குவதா, பஸ் பாஸ் வாங்குவதா என்று கணக்குப் போட்ட காலம் அது. அப்போது எங்களைச் சுற்றிப்பார்க்கக் கூட்டிப்போக ஒருவர்கூட இல்லை. நீங்கள் கொடுத்து வைத்தவர்கள்.

ஹாரோ அக்கா:
குழந்தை இருக்கிறது என்று அந்தப் பெண் சொல்லவே இல்லையே தம்பி.

கோட்டையை விட்டுவிடாதேம்மா. முதலாம் வில்லியம் மன்னர் 1070 வாக்கில் கட்ட ஆரம்பித்தது, இன்றைக்கும் ராஜகுடும்பம் அங்கே தங்குகிறது. உலகத்திலேயே ஆள் குடியிருக்கும் கோட்டைகளில் இதுதான் பழையது, பெரியது. செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் எலிசபெத் ராணியின் கல்லறை இருக்கிறது. எங்க அம்மா அதைப் பார்த்துவிட்டு ஊரில் ஒரு வருஷம் எல்லோரிடமும் சொன்னார்கள். முதல் குளிர்காலத்தில் நான் தினமும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அழுதவள். நாலு மணிக்கே இருட்டிவிடும், பேச ஆள் கிடையாது, பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது. அம்மா வந்த பிறகுதான் வீடு வீடாக இருந்தது. அதனால் சொல்கிறேன், காசு பார்க்காதே, அந்தப் பஸ் டிக்கெட்டையே எடு.

மில்டன் கீன்ஸ் டிரைவர்:
பஸ் எதற்கு? காரில் போங்கள். பெரியவர்களை ரயிலில் மாற்றி மாற்றி ஏற்றுவது பாவம்.

குரோய்டன்காரன்:
காரில் மட்டும் போகாதீர்கள். விண்ட்சரில் வண்டி நிறுத்த இடம் தேடியே ஒரு மணி நேரம் போகும். எனக்கு ஒரு தனியார் நிறுத்துமிடத்தில் பத்து நிமிஷம் தாமதத்துக்கு அபராதம் வந்தது. கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டும் குறைக்கவில்லை.

மில்டன் கீன்ஸ் டிரைவர்:
அபராதம் எனக்கும் வந்தது, வேறு ஊரில். இந்த நாட்டில் வண்டியை ஓட்டுவதற்கு ஆகும் செலவைவிட நிறுத்துவதற்குத்தான் செலவு அதிகம். இன்ஷூரன்ஸ் வேறு, புது லைசென்ஸ் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஹாரோ அக்கா:
ரயில் மட்டும் என்ன வாழ்கிறது? டிக்கெட் விலை ஏறிக்கிடக்கிறது. ஸ்ட்ரைக், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை தண்டவாள வேலை. பெற்றவர்களுக்கு விசா, பயணக் காப்பீடு, விமான டிக்கெட் என்று அவ்வளவு செலவு செய்து வரவழைத்து, அவர்களை நாலு சுவருக்குள் வைத்திருக்கிறோமே என்று எத்தனை பேர் மனம் வெந்துபோகிறோம். லீவு கேட்டால் மேலதிகாரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்.

வேலூர்ப் பொண்ணு:
அக்கா, அதேதான். அம்மா ஒன்றும் சொல்ல மாட்டார்கள், சமையலறையிலேயே நிற்பார்கள். அப்பாதான் முக்கியம். வேலூரில் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். திப்பு சுல்தானின் சிம்மாசனத்திலிருந்த புலித்தலை விண்ட்சரில் இருக்கிறது என்று எங்கேயோ படித்திருக்கிறார். கிளம்பும்போதே அதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டுதான் வந்தார். எங்களிடம் கார் இல்லை, நாங்கள் இருப்பது ரெடிங்கில். அம்மாவுக்கு மூட்டு அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது, கைத்தடியோடு நடப்பார்கள்.

வடமராட்சி அண்ணை:
தங்கச்சி, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் கதையே வேறு. உங்கட அப்பா கேட்டது சரி. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்தபோது பிரிட்டிஷ் படை திப்புவின் சிம்மாசனத்தை உடைத்துப் பங்கு போட்டது. அதன் புலித்தலை கோட்டைக்குள் கிராண்ட் வெஸ்டிபியூல் என்ற மண்டபத்தில் இருக்கிறது. மரத்தின்மேல் தங்கத் தகடு போர்த்தியது, பல் எல்லாம் படிகக்கல். பார்த்தால் வயிறு எரியும், ஆனாலும் பார்க்கத்தான் வேணும். திப்புவின் பிள்ளைகளை உங்கட வேலூர்க் கோட்டையில்தானே சிறை வைத்தார்கள்? 1806 சிப்பாய்க் கலகத்துக்குப் பிறகு கல்கத்தாவுக்குக் கொண்டு போனார்கள்.

இன்னொன்றையும் அப்பாவிடம் சொல்லுங்கோ. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை வேலூருக்கு நாடு கடத்தினார்கள், அவர் 1832-இல் அங்கேயே இறந்தார். அவருடைய சிம்மாசனமும் இதே விண்ட்சர் கோட்டையில்தான் இருந்தது. 1934-இல் இலங்கைக்குத் திருப்பிக் கொடுத்தார்கள், இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரசன் வேலூரில், அவர் இருந்த ஆசனம் விண்ட்சரில். வேலூர் ஆள் ஒருவர் அந்த மண்டபத்தில் போய் நிற்பது சும்மா சுற்றுலா இல்லை. நான் வந்த காலத்தில் எனக்கு இதையெல்லாம் சொல்ல ஆள் இருக்கவில்லை. அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரைக்கும் வேலை செய்யவும் விடவில்லை, கையில் பஸ் காசும் இல்லை. நூலகம் மட்டும் இலவசம். அங்கே இருந்துதான் வாசித்தேன்.

வேலூர்ப் பொண்ணு:
அண்ணா, அப்பாவிடம் இப்போதே படித்துக் காட்டினேன். அந்த அரசரின் சமாதி முத்து மண்டபம் பாலாற்றங்கரையில் இருக்கிறது, மாணவர்களை அங்கே கூட்டிப்போயிருக்கிறாராம். சிம்மாசனம் இங்கே இருந்த விஷயம் அவருக்கே புதிது. இப்போது இன்னும் பரபரப்பாகிவிட்டார். ஆனால் டிக்கெட்?

மெய்டன்ஹெட் வாசி:
எந்தக் கிழமைக்கு லீவு போட்டிருக்கிறீர்கள்?

வேலூர்ப் பொண்ணு:
செவ்வாய்க்கிழமை.

மெய்டன்ஹெட் வாசி:
டிக்கெட் விற்றுப்போகவில்லை. செவ்வாயும் புதனும் கோட்டைக்கு விடுமுறை, அதனால்தான் தேதியே வரவில்லை. வாசலில் போய் நின்றாலும் விடமாட்டார்கள். பஸ் டிக்கெட் எடுக்காதீர்கள். சில பயணங்களில் கோட்டைக்குள் அனுமதியே கிடையாது, வெளியே இறக்கிவிட்டு ஊரைச் சுற்றிப்பார்க்கச் சொல்வார்கள்.

உங்களுக்கு இரண்டு வழிதான். லீவை வியாழக்கிழமைக்கு மாற்ற முடியுமா என்று நாளைக் காலையில் முதல் வேலையாகக் கேளுங்கள். பெற்றோர் வெள்ளிக்கிழமை கிளம்புகிறார்கள் என்று காரணத்தையும் சொல்லுங்கள். மாற்றத் தயங்கும் மேலாளர்கூட இதற்கு இறங்கி வருவார். முடியாவிட்டால் செவ்வாய்க்கிழமை விண்ட்சரில் தேம்ஸ் ஆற்றங்கரை மட்டும் போங்கள். கோட்டை இல்லாமலேயே அது நல்ல நாள்தான், ஆனால் அப்பாவின் புலியைப் பார்க்க முடியாது.

மில்டன் கீன்ஸ் டிரைவர்:
ஞாயிறு போகலாமே, லீவே வேண்டாமே?

மெய்டன்ஹெட் வாசி:
அவர்கள் வெள்ளி ராத்திரி பறக்கிறார்கள். பொதுவாக மற்றவர்களுக்குச் சொல்வதானால், ஞாயிறு கோட்டை திறந்திருக்கும், ஆனால் தேவாலயத்தில் வழிபாடு நடப்பதால் சுற்றிப்பார்க்க விடமாட்டார்கள். ராணியின் கல்லறையைப் பார்க்க நினைப்பவர்கள் வேறு நாள் போவது நல்லது.

குரோய்டன்காரன்:
கோட்டைக்குப் பதில் பக்கத்தில் ரன்னிமீட் போகலாம், செலவே இல்லை. 1215-இல் ஜான் மன்னர் மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்துக்கு இணங்கிய புல்வெளி. மேலே குன்றின்மீது விமானப்படை நினைவிடம் இருக்கிறது. அங்கே இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களில் நூர் இனாயத் கான் பெயரும் உண்டு. இரண்டாம் உலகப்போரில் பிரான்சில் ரகசிய வேலை பார்த்துப் பிடிபட்டு உயிர்விட்டவர், திப்புவின் வம்சம்.

வடமராட்சி அண்ணை:
நல்ல இடம்தான், நானும் போயிருக்கிறேன். ஆனால் எக்ஹம் ஸ்டேஷனில் இறங்கி நடக்க வேணும், குன்றும் ஏற வேணும். மூட்டு வலிக்காரருக்குக் கார் இல்லாமல் சரிவராது தம்பி.

வேலூர்ப் பொண்ணு:
மேலாளருக்கு இப்போதே மின்னஞ்சல் போட்டுக் கேட்டேன். வியாழனுக்கு மாற்றிக்கொடுத்துவிட்டார்! ரொம்ப நன்றி. இனி என்ன வரிசையில் செய்வது என்று சொல்லுங்கள். அம்மாவால் எவ்வளவு நடக்க முடியும் என்றே தெரியவில்லை. தயிர்சாதம் கட்டிக்கொண்டு போகலாமா?

மெய்டன்ஹெட் வாசி:
முதலில் டிக்கெட். கோட்டை டிக்கெட்டை விற்கும் ராயல் கலெக்‌ஷன் டிரஸ்ட் தளத்திலேயே நேரடியாக எடுங்கள். முன்கூட்டி எடுத்தால் வாசல் விலையைவிடக் குறைவு. அப்படி எடுத்த டிக்கெட்டைத் திரும்பும்போது கொடுத்து முத்திரை வாங்கினால் ஒரு வருஷத்துக்கு மறுபடி இலவசமாகப் போகலாம். உங்களுக்கு அது பயன்படும். விண்ட்சர், மெய்டன்ஹெட் நகராட்சிக்குள் குடியிருந்தால் அட்வான்டேஜ் கார்டு காட்டி இலவசமாகவே போகலாம், ரெடிங் அதில் வராது.

ரெடிங்கிலிருந்து ஸ்லவ், அங்கே முதலாம் பிளாட்ஃபார்மில் விண்ட்சர் வண்டி. ஆறே நிமிஷம். இறங்க வேண்டியது விண்ட்சர் அண்ட் ஈட்டன் சென்ட்ரல், வெளியே வந்தால் எதிரிலேயே கோட்டை. ரிவர்சைட் ஸ்டேஷன் வாட்டர்லூவிலிருந்து வருபவர்களுக்கு, அங்கிருந்து மேடு ஏற வேண்டும். மூன்று பெரியவர்கள் சேர்ந்து போவதால் நெரிசல் நேரம் தாண்டியதும் குரூப்சேவ் என்ற ரயில் குழுச் சலுகை கேளுங்கள், மூன்றில் ஒரு பங்கு குறையும்.

கோட்டைக் காவலர் மாறும் நிகழ்ச்சி பெரும்பாலும் செவ்வாய், வியாழன், சனிதான், 11 மணிக்கு. படை ஹை ஸ்ட்ரீட் வழியாக இசையோடு நடந்து வரும். உள்ளே போக வரிசையில் நிற்கும் சிரமம் இல்லாமல் தெருவோரம் நின்றே அம்மா பார்க்கலாம். பலத்த மழை என்றால் இருக்காது.

உள்ளே விமான நிலையம் மாதிரி சோதனை உண்டு, பையைச் சின்னதாக எடுத்துப் போங்கள். உள்ளே ஏற்றமும் கருங்கல் தளமும் அதிகம். சக்கர நாற்காலி இரவல் தருவார்கள், அம்மா வேண்டாம் என்றாலும் ஒன்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். படி ஏற முடியாதவர்களுக்கு லிஃப்ட் இருக்கிறது, பணியாளரிடம் சொன்னால் கூட்டிப்போவார்கள். புலித்தலை எந்தக் கண்ணாடிப் பெட்டியில் என்றும் அவர்களிடமே கேளுங்கள். அப்பாவுக்கு அங்கே கூடுதல் நேரம் கொடுங்கள், மற்ற அறைகளை வேகமாகக் கடந்தாலும் பரவாயில்லை. இரண்டரை மணி நேரம் போதும்.

ஹாரோ அக்கா:
தயிர்சாதம் தாராளமாக எடுத்துப் போம்மா. ஆனால் கோட்டை அறைகளுக்குள் சாப்பிட விடமாட்டார்கள். முடித்துவிட்டுக் கீழே ஆற்றங்கரைப் பூங்கா, அலெக்ஸாண்ட்ரா கார்டன்ஸ், அங்கே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அன்னங்கள் பக்கத்தில் வரும், சோற்றைக் காட்டாதே, விடாமல் துரத்தும். அங்கிருந்தே பிரெஞ்சு பிரதர்ஸ் படகு கிளம்பும், நாற்பது நிமிஷச் சுற்று. பொவ்னி லாக் என்ற மதகு வரை போய்த் திரும்பும். உட்கார்ந்தபடியே கோட்டையும் ஈட்டன் கல்லூரித் தேவாலயமும் தெரியும். அம்மாவின் காலுக்கு இதைவிட நல்லது இல்லை.

குரோய்டன்காரன்:
லாங் வாக் நடைபாதையை விட்டுவிட்டீர்களே. இலவசம்.

மெய்டன்ஹெட் வாசி:
முழுதாக நடந்தால் நாலு கிலோமீட்டருக்கு மேல், அதுவும் ஒரு வழிக்கு. கடைசியில் குதிரை மேல் இருக்கும் மூன்றாம் ஜார்ஜ் சிலை மேட்டில் இருக்கிறது. அம்மாவோடு வேண்டாம். பார்க் ஸ்ட்ரீட் கேட் வரைக்கும் போய் நின்றாலே கோட்டையோடு சேர்த்து நல்ல படம் கிடைக்கும். மிச்சத் தெம்பு இருந்தால் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஈட்டன் பக்கம் போங்கள். 1970 முதல் அதில் வண்டிகள் கிடையாது, நடப்பவர்களும் சைக்கிளும்தான், மெதுவாகவே போகலாம்.

வேலூர்ப் பொண்ணு:
டிக்கெட் எடுத்தாயிற்று, வியாழன் பதினொன்றரைக்கு. சக்கர நாற்காலிக்கு முன்பதிவு வேண்டுமா?

மெய்டன்ஹெட் வாசி:
நாளைக்கே ஃபோன் போட்டுக் கேட்டு வையுங்கள். நேரே உள்ளே போனதும் கொடுப்பார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். ரெடிங்கில் ஒன்பதரை மணியைத் தாண்டியதும் வரும் வண்டியைப் பிடியுங்கள், காவலர் ஊர்வலத்துக்குச் சரியாக இருக்கும். குடை மூன்று.