வீடு விற்காத நிலையில் பெங்களூருக்கு மாறலாமா?

கேள்வி:
அடுத்த மாதம் பெங்களூரில் பணியேற்க வேண்டியிருக்கிறது. ஆனால் அங்கீகாரமற்ற மனையில் கட்டிய எங்கள் மதுரை வீட்டைப் பார்க்க வருகிறவர்கள், கிணற்று நீரை அள்ளிக் குடித்துப் பாராட்டிவிட்டு, வங்கிக் கடன் கிடைக்காது என்று தெரிந்ததும் திரும்பிவிடுகிறார்கள். விலையைக் குறைத்து விற்றுவிடலாமா?

பதில் 1:
அவசரப்பட்டு அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் பத்திரப்பதிவான மனை என்றால், அங்கீகாரமற்ற மனைகளை முறைப்படுத்த 2017-இல் அரசு கொண்டுவந்த வரன்முறைத் திட்டத்தில் அது சேர்ந்திருக்கிறதா என்று மூலப்பத்திரத்துடன் சென்று முதலில் விசாரியுங்கள். மனையை வரன்முறைப்படுத்திய ஆணை கையிலிருந்தால் கடன் வாங்கி வீடு வாங்குவோரும் துணிந்து பேச வருவார்கள்.

பதில் 2:
அதுவரை வாடகைக்கு விடுங்கள்; ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்துவிடுங்கள். நாங்கள் பூட்டியே வைத்த வீட்டில் ஒரே மழைக்காலத்தில் சுவர் ஓதமேறி, கரையான் நிலைப்படிவரை வந்துவிட்டது. அந்த வருத்தம் உங்களுக்கு வேண்டாம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. திங்களன்று பத்திரத்துடன் மாநகராட்சி அலுவலகம் செல்கிறேன்.