நான்கு கணினி, நான்கு விதமான எரர்: உபுண்டுவில் ஐபஸ்-எம்17என் ஏற மறுக்கிறது

மண்டபத்து டீச்சர் | செவ்வாய், இரவு 9.12

வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்துக் கோயில் மண்டபம். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் தமிழ்த் தட்டச்சு வகுப்புக்காக நான்கு பழைய கணினிகள் இருக்கின்றன. மூன்றில் உபுண்டு லினக்ஸ் 22.04, ஒன்றில் 23.10. வேண்டியது இரண்டே பேக்கேஜ்: தமிழ்99 விசைப்பலகைக்கு ஐபஸ்-எம்17என், எழுத்துருவுக்கு ஃபான்ட்ஸ்-லோகித்-டாம்ல். ஒன்றில்கூட ஏறவில்லை.

கணினி 1: ரிலீஸ் ஃபைல் "நாட் வேலிட் யெட்", இன்னும் 9 நாள் 4 மணி நேரம் செல்லாதாம்.
கணினி 2: "டிபிகேஜி வாஸ் இன்டரப்டட்", பேக்கேஜ் ஏற்றும் நிரல் பாதியில் நின்றதாம். போன வாரம் அப்டேட் ஓடும்போது இடி இடித்து கரண்டு போனது.
கணினி 3 (23.10): எல்லா வரியிலும் 404, கடைசியில் ரிலீஸ் ஃபைல் இல்லை என்கிறது.
கணினி 4: "குட் நாட் கெட் லாக்", புராசஸ் 1843 பிடித்து வைத்திருக்கிறதாம்.

இணையம் கைப்பேசி ஹாட்ஸ்பாட். டேட்டா அளவோடுதான் இருக்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் வழியா?

---

கோப்பிக்கடை | இரவு 9.31

நாலாவது ரொம்ப சுலபம் டீச்சர். /வார்/லிப்/டிபிகேஜி உள்ளே லாக், லாக்-ஃப்ரண்ட்எண்ட்னு ரெண்டு ஃபைல் இருக்கும். ரெண்டையும் ஆர்எம் போட்டு அழிச்சிட்டு திரும்ப இன்ஸ்டால் பண்ணுங்க, ஓடும்.

ஒண்ணாவதுக்கு விண்டோஸ்தான் காரணம். ரெண்டு ஓஎஸ் இருந்தா மணி எட்டு மணி நேரம் தப்பாயிடும்.

---

ஈயலம்பம் | இரவு 10.05

டீச்சர், மேலே சொன்ன லாக் வைத்தியத்தைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தப் பூட்டு ஃபைலில் இல்லை, கெர்னலிடம் (லினக்ஸின் மையப் பகுதி) இருக்கிறது. ஃபைலை அழித்தாலும் 1843 தன் வேலையை நிறுத்தாது. புதிதாக வரும் ஆப்ட் (பேக்கேஜை இறக்கி ஏற்றும் நிரல்), அதே பெயரில் வேறொரு ஃபைலை உண்டாக்கி அதைப் பூட்டிக்கொண்டு உள்ளே போகும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே கணக்குப் புத்தகத்தில் எழுதினால் என்ன ஆகும்? கணினி 4, கணினி 2-ஐவிட மோசமாகப் படுத்துவிடும்.

1843 யாரென்று பாருங்கள்: பிஎஸ் -எஃப்பி 1843. அனட்டெண்டட்-அப்கிரேட் என்று வந்தால், கணினி தானாகப் பாதுகாப்பு அப்டேட் போட்டுக்கொண்டிருக்கிறது. பல நாள் அணைந்து கிடந்த பெட்டியைத் திறந்ததும் இதுதான் நடக்கும். ஹாட்ஸ்பாட்டில் அரை மணி நேரம்கூட இழுக்கலாம். விட்டுவிடுங்கள், முடிந்ததும் பூட்டு தானாகத் திறக்கும். நகர்கிறதா என்று சந்தேகமாக இருந்தால் /வார்/லாக்/அனட்டெண்டட்-அப்கிரேட்ஸ் உள்ளே இருக்கும் டிபிகேஜி லாகை (இந்த லாக் பூட்டு அல்ல, வேலைப் பதிவு) டெயில் -எஃப் போட்டுப் பார்த்துக்கொண்டிருங்கள்.

(கமாண்டுகளைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்து. முன்னால் இருக்கும் ஒற்றைக் கோடு, இரட்டைக் கோடு எல்லாம் அப்படியே வேண்டும்.)

இனி கணினி 1. கோப்பிக்கடை அண்ணே, திசை மாறிவிட்டது. விண்டோஸ் உள்ளூர் மணியைப் பயோஸில் (மதர்போர்டின் கடிகாரத்தில்) எழுதும், லினக்ஸ் அதை யுடிசி (உலகப் பொது நேரம்) என்று படிக்கும். அப்படியானால் நம் ஊரில் லினக்ஸ் மணி 8 மணி நேரம் முன்னால் ஓடும். ரிலீஸ் ஃபைல் என்பது சர்வரில் உள்ள பேக்கேஜ்களுக்கான தேதியிட்ட பட்டியல். "நாட் வேலிட் யெட்" வர வேண்டுமானால் கணினியின் மணி அந்தத் தேதிக்குப் பின்தங்கியிருக்க வேண்டும். அதுவும் 9 நாள்.

டீச்சர், அந்த 9 நாள் 4 மணி என்ற எண்தான் இங்கே துப்பு. மதர்போர்டு பேட்டரி செத்திருந்தால், சுவர் சுவிட்சை அடைத்ததும் பயோஸ் தேதி போய்விடும். ஆனால் உபுண்டு எங்கோ பழைய வருடத்தில் போய் நிற்காது. உபுண்டுவின் பின்னணி வேலைகளை நடத்தும் சிஸ்டம்டி, தான் கடைசியாக அறிந்த நேரத்தை /வார்/லிப்/சிஸ்டம்டி/டைம்சிங்க்/கிளாக் என்ற ஃபைலின் தேதியாகக் குறித்து வைத்திருக்கும். பயோஸ் அதற்கும் பழைய தேதி காட்டினால், குறித்து வைத்த நேரத்திலிருந்து ஓடத் தொடங்கும். ஆக, அந்தப் பெட்டி ஏறக்குறைய 9 நாளாகத் திறக்கப்படவில்லை என்று எரரே சொல்கிறது. சரிதானா?

இன்னொரு அடையாளம்: குறை சொல்வது ஜாமி-அப்டேட்ஸும் ஜாமி-செக்யூரிட்டியும்தான் (ஜாமி என்பது 22.04-இன் பெயர்). வெறும் ஜாமி பேசாமல் இருக்கும், ஏனென்றால் அதன் ரிலீஸ் ஃபைல் 2022 ஏப்ரலிலேயே உறைந்துவிட்டது. 9 நாள் பின்தங்கினாலும் அதற்குக் கவலையில்லை.

செய்ய வேண்டியது: டைம்டேட்சிடிஎல் என்று தட்டுங்கள். "சிங்க்ரனைஸ்ட்: நோ" என்று இருந்தால்

சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-என்டிபி ஃபால்ஸ்
சூடோ டேட் -எஸ் "வருடம்-மாதம்-நாள் மணி:நிமிடம்"
சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-என்டிபி ட்ரூ

பிறகு சூடோ ஆப்ட் அப்டேட். இன்றைக்கு இது போதும். நிரந்தரத்துக்கு சிஆர்2032 பேட்டரி, 3 வோல்ட், பட்டணத்துக் கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். மல்டிமீட்டர் இருந்தால் பழையதை அளந்து பாருங்கள். 2.7-க்குக் கீழே இருந்தால் தூக்கிப் போடலாம்.

---

மண்டபத்து டீச்சர் | இரவு 10.40

9 நாள் சரிதான். போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு திறந்தது. இடிக்குப் பயந்து மெயின் சுவிட்சையே அடைத்துவிட்டுத்தான் போகிறோம்.

தேதி கைமுறையாக வைத்தேன், அந்த எரர் போய்விட்டது. ஆனால் டேட்டா மிச்சப்படுத்தலாமென்று மண்டபத்து வைஃபைக்கு மாற்றினால் புதிதாக ஒன்று: "கிளியர்சைன்ட் ஃபைல் இஸின்ட் வேலிட், காட் நோஸ்பிளிட்".

---

பால்மரம்_07 | இரவு 11.02

டீச்சர், அந்த வைஃபையில் நுழைவுப் பக்கம் ஒன்று வருமே, கைப்பேசி எண் கேட்டு? அதுதான். நீங்கள் எண் கொடுக்கும்வரை எதைக் கேட்டாலும் அந்தப் பக்கத்தையே அனுப்பும். ஆப்ட் கையெழுத்திட்ட ரிலீஸ் ஃபைலைக் கேட்டது, கைக்கு வந்தது எச்டிஎம்எல் பக்கம். கையெழுத்தைக் காணோம் என்பதைத்தான் நோஸ்பிளிட் என்கிறது. ஃபயர்ஃபாக்ஸைத் திறந்து எச்டிடிபிஎஸ் இல்லாத ஏதாவது முகவரியைத் தட்டினால் நுழைவுப் பக்கம் வரும். உள்ளே நுழைந்த பிறகு அப்டேட் போடுங்கள். மேலே சொன்ன என்டிபி (இணையத்தில் மணி சரிபார்க்கும் முறை) யுடிபி 123-ஆம் போர்ட்டில் போகிறது, இந்த மாதிரி வைஃபைகளில் அதை அடைத்து வைத்திருப்பதும் உண்டு. அதனால் மணி சரிபார்க்க ஹாட்ஸ்பாட், டவுன்லோடுக்கு வைஃபை என்று வைத்துக்கொள்ளலாம்.

கணினி 2-க்கு வருகிறேன். நடுவில் கரண்டு போனது, பாதி பேக்கேஜ் பிரிக்கப்பட்டு, அமைக்கப்படாமல் நிற்கிறது. வரிசை முக்கியம்:

சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ
சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்
சூடோ ஆப்ட் அப்டேட்

முதல் கமாண்டே எரர் காட்டினால், கடைசி வரியைப் பார்த்து ஏமாறாதீர்கள். "எரர் கோட் (1)" என்ற வரி எல்லா நோய்க்கும் பொது. மேலே ஸ்க்ரோல் செய்து முதலில் எங்கே எரர் என்று வந்ததோ அந்த வரியைப் படியுங்கள். மின்வெட்டுக்குப் பிறகு பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று:

"அன்எக்ஸ்பெக்டட் எண்ட் ஆஃப் ஃபைல்": டவுன்லோடான டெப் ஃபைல் (பேக்கேஜ் ஃபைல்) அரைகுறை. சூடோ ஆப்ட் கிளீன் போட்டுத் திரும்ப இறக்குங்கள்.

"மிஸ்ஸிங் ஃபைனல் நியூலைன்": ஒரு பேக்கேஜின் ஃபைல் பட்டியல் கெட்டுப்போனது. எரரிலேயே பேக்கேஜ் பெயர் இருக்கும். /வார்/லிப்/டிபிகேஜி/இன்ஃபோ உள்ளே அந்தப் பெயருள்ள .லிஸ்ட் ஃபைலை மட்டும் வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு, ஆப்ட் இன்ஸ்டால் --ரீஇன்ஸ்டால் கொடுத்தால் புதிய பட்டியல் எழுதப்படும்.

"நோ ஸ்பேஸ் லெஃப்ட்": டிஎஃப் -எச் போட்டு /பூட் (கெர்னல்கள் இருக்கும் இடம்) நூறு சதவீதம் நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

---

மண்டபத்து டீச்சர் | புதன், மாலை 6.20

கணினி 4 காத்திருந்ததும் சரியாகிவிட்டது, பேக்கேஜ் இரண்டும் ஏறின. கணினி 2-இல் மூன்றாவதுதான், /பூட் நிறைந்திருக்கிறது. ஆட்டோரிமூவ் போட்டால் முதலில் கான்ஃபிகரை முடி என்கிறது. கான்ஃபிகர் இடமில்லை என்கிறது. சுற்றிச் சுற்றி வருகிறேன். கணினி 3-ஐ இன்னும் தொடவில்லை.

---

ஈயலம்பம் | மாலை 7.15

அந்தச் சுற்றைக் கையால்தான் அறுக்க வேண்டும். யூநேம் -ஆர் போட்டு இப்போது ஓடும் கெர்னல் எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு எல்எஸ் -எல்எச் /பூட். இனிட்ஆர்டி என்று தொடங்கும் ஃபைல்கள் (கணினி தொடங்க உதவுபவை, கெர்னலுக்கு ஒன்று) ஒவ்வொன்றும் நூறு எம்பி சொச்சம் இருக்கும். தாளில் உள்ள எண்ணையும் இருப்பதிலேயே புதிய எண்ணையும் விட்டுவிட்டு, மிகப் பழைய ஒரே ஒரு இனிட்ஆர்டியை மட்டும் ஆர்எம் செய்யுங்கள். இடம் கிடைத்ததும் டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ முடியும். உடனே சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ், பழைய கெர்னல்கள் முறையாக வெளியேறும். கையால் ஒன்றுக்கு மேல் அழிக்காதீர்கள், மீதியை ஆப்டே பார்த்துக்கொள்ளும்.

கணினி 3: 23.10-க்கு ஆயுள் 9 மாதம்தான், 2024 ஜூலையில் முடிந்தது. அதன் பேக்கேஜ்களை வழக்கமான சர்வரிலிருந்து எடுத்து ஓல்ட்-ரிலீசஸ்.உபுண்டு.காம் என்ற முகவரிக்கு நகர்த்திவிட்டார்கள். /இடிசி/ஆப்ட்/சோர்சஸ்.லிஸ்ட் ஃபைலில் ஆர்ச்சிவ், செக்யூரிட்டி என்ற இரண்டு முகவரிகளையும் (முன்னால் மலேசியாவைக் குறிக்கும் மை. இருந்தால் அதையும் சேர்த்து) அதற்கு மாற்றினால் 404 நிற்கும், பேக்கேஜும் ஏறும். ஆனால் பாதுகாப்பு அப்டேட் இனி வராது. நீங்கள் கேட்ட "அழித்துப் புதிதாகப் போடுவது" இந்த ஒன்றுக்கு மட்டும் பொருந்தும். 24.04 ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் செய்யும் ஃபைல்) கிட்டத்தட்ட 6 ஜிபி, ஹாட்ஸ்பாட்டில் இறக்க வேண்டாம். மற்ற மூன்றைப் போல 22.04 போட்டாலும் 2027 வரை ஓடும், பெண்டிரைவ் வேலையும் எளிதாகும்.

---

பால்மரம்_07 | இரவு 8.03

பெண்டிரைவ் என்றதும் ஒன்று. நான்கு பெட்டியிலும் தனித்தனியாக இறக்காதீர்கள் டீச்சர். ஆப்ட் இன்ஸ்டால், வேலை முடிந்ததும் இறக்கிய டெப் ஃபைல்களை அழித்துவிடும். ஆப்ட்-கெட் வைத்திருக்கும். கணினி 1-இல் இன்னும் ஏற்றவில்லையென்றால் ஆப்ட்-கெட் கொண்டு ஏற்றுங்கள். /வார்/கேஷ்/ஆப்ட்/ஆர்கைவ்ஸ் உள்ளே இருக்கும் டெப்களைப் பெண்டிரைவில் ஒரு ஃபோல்டருக்கு எடுத்து, அடுத்த 22.04 பெட்டியில் அந்த ஃபோல்டருக்குள் நின்று

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ./*.டெப்

முன்னால் உள்ள புள்ளியும் சாய்கோடும் விட்டுப்போனால் இணையத்தில் தேடக் கிளம்பிவிடும், "அனேபிள் டு லொகேட்" என்று நிற்கும்.

---

மண்டபத்து டீச்சர் | வியாழன், இரவு 9.50

கணினி 2 எழுந்துவிட்டது அண்ணே. ஒரே ஒரு இனிட்ஆர்டிதான் அழித்தேன். மூன்றில் பேக்கேஜ் ஏறிவிட்டது, ஆனால் விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்99 இல்லை. மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டுமா?

---

கோப்பிக்கடை | இரவு 10.02

வேண்டாம் டீச்சர். லாக் அவுட் பண்ணி உள்ள வாங்க. செட்டிங்ஸ், கீபோர்டு, இன்புட் சோர்ஸ்ல கூட்டல் குறிய அழுத்துங்க. தமிழைத் தொட்டா உள்ளே தமிழ்99 (எம்17என்) இருக்கும். ரோமன் எழுத்துல தட்டிப் பழகினவங்களுக்கு அதே இடத்துல ஃபோனெடிக். மாத்துறதுக்கு சூப்பர் கீயும் (விண்டோஸ் படம் போட்ட கீ) ஸ்பேஸும். இந்தத் தடவை எதையும் அழிக்கச் சொல்லல :)