வேர்ட்ல ரசீது நம்பர் 0001ல இருந்து 0500 வரைக்கும் தானா ஏற என்ன பண்ணணும்?

ஊர்க்கணக்கு:
வணக்கம். ஊர்ல மாரியம்மன் கோயில் திருவிழா வருது, நன்கொடை ரசீது புக் அடிக்கிற வேலையை என் தலையில கட்டிட்டாங்க. வேர்ட்ல ஏ4 பக்கத்துக்கு நாலு ரசீதுன்னு டிசைன் பண்ணிட்டேன், இடது பக்கம் அடிக்கட்டை, வலது பக்கம் கிழிச்சுக் குடுக்கிறது. மொத்தம் 500, அடிக்கட்டையிலயும் ரசீதுலயும் ஒரே நம்பர் வரணும். காப்பி பேஸ்ட் பண்ணி கையால மாத்திட்டே வந்தேன், நாப்பதைத் தாண்டலை அதுக்குள்ள 37 ரெண்டு தடவை இருக்கு, 38ஐக் காணோம். ஒரே நம்பர்ல ரெண்டு ரசீது வெளிய போனா கணக்கு வாசிக்கிற அன்னைக்கு என் சட்டையைத்தான் பிடிப்பாங்க. பிரிண்ட்ல 125 காப்பின்னு குடுத்தா எல்லாத்துலயும் அதே நம்பர்தான் வருது. என்ன வழி?

கேட்பாஸ்:
காப்பீஸ்ல எத்தனை போட்டாலும் அதே பக்கம்தான் திரும்பத் திரும்ப வரும் ப்ரோ, வேர்டுக்கு அது எத்தனாவது காப்பின்னு தெரியாது. மேக்ரோ எழுதிடுங்க, வேர்ட் தானா வேலை செய்ய எழுதி வெக்கிற சின்ன புரோகிராம்தான். நம்பர் வர்ற இடத்துல புக்மார்க், ஒரு லூப், ஒவ்வொரு தடவையும் ஒண்ணு கூட்டி ஒரு பக்கம் பிரிண்ட், கடைசி நம்பரை ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதி வெச்சுக்கும். எங்க ஆபீஸ் கேட் பாஸ் இப்படித்தான் ஓடுது. பேக்ரவுண்ட் பிரிண்டிங்கை மட்டும் மறக்காம ஆஃப் பண்ணுங்க, இல்லேன்னா பக்கம் போய்ச் சேர்றதுக்குள்ள நம்பர் மாறிடும்.

டீடிபி அக்கா:
தினம் ஒண்ணு ரெண்டு எடுக்கிற கேட் பாஸுக்கு மேக்ரோ சரி. ஒரே மூச்சுல 500 அடிக்க மெயில் மெர்ஜ் போதும் தம்பி, லெட்டருக்கு அட்ரஸ் போடுறதுக்குன்னு வெச்சதுதான், அட்ரஸ் இடத்துல நம்பரைக் குடுத்தா முடிஞ்சுது.

ஆனா 1, 2, 3, 4ன்னு ஒரே பக்கத்துல வரிசையா போட்றாதீங்க, எல்லாரும் செய்ற தப்பு அதுதான், வெட்டினதுக்கு அப்புறம் 500 துண்டையும் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கிட்டு உக்காந்திருக்கணும். முதல் பக்கத்துல 1, 126, 251, 376 வரணும், ரெண்டாவதுல 2, 127, 252, 377. அப்போ 125 தாளையும் ஒண்ணா வெச்சு வெட்டினா நாலு கட்டு வரும், ஒண்ணுக்கு அடியில ஒண்ணு வெச்சா 1ல இருந்து 500 வரைக்கும் அப்படியே வரிசை, அம்பது அம்பதா எண்ணி பின் அடிச்சா பத்து புக்.

எக்செல்ல நாலு காலம் (column), மேல ஆளுக்கொரு தலைப்பு. முதல் காலத்துல 1 முதல் 125, அடுத்ததுக்கு பக்கத்துல இருக்கிறதோட 125 கூட்டுற ஃபார்முலா, இழுத்து விடுங்க. வேர்ட்ல மெயிலிங்ஸ் டேப், லெட்டர்ஸ், அந்த எக்செல்லைக் காட்டி முதல் ரசீதுல முதல் காலம், ரெண்டாவதுல ரெண்டாவது. அடிக்கட்டையிலயும் அதே ஃபீல்டை, அதாவது எக்செல்ல இருந்து நம்பர் வந்து உக்கார்ற குறியை, இன்னொரு தடவை வைங்க, ரெண்டும் சேந்தே மாறும். ஒரு வரிக்கு ஒரு பக்கம்ங்கிறதால அடுத்த வரிக்குத் தாவச் சொல்ற நெக்ஸ்ட் ரெக்கார்டு எதுவும் வேண்டாம்.

எக்செல்ல 0001ன்னு ஃபார்மேட் பண்ணி வெச்சிருந்தாலும் வேர்டுக்கு வர்றப்போ வெறும் 1தான் வரும். ஆல்ட் எஃப்9 அடிச்சா ஃபீல்டு கோடு தெரியும், காலம் பேருக்கு அப்புறம் ஒரு ஸ்பேஸ், பேக்ஸ்லாஷ், ஹேஷ், ஸ்பேஸ், நாலு சைபர். திரும்ப ஆல்ட் எஃப்9. எட்டு இடத்துலயும் செய்யணும்.

ஊர்க்கணக்கு:
அக்கா வந்திருச்சு!! எல்லாப் பக்கத்தையும் ஒரே ஃபைலா எடுக்கிற எடிட் இண்டிவிஜுவல் குடுத்து 125 பக்கமும் வந்து கடைசில 0500 பாத்ததும்தான் நிம்மதி. ஆனா 63ஆவது தாள்ல பிரிண்டர் ஜாம். மிச்சத்துக்கு 63-125ன்னு குடுத்தா ஒண்ணுமே வரலை, ஏன்?

டீடிபி அக்கா:
மெர்ஜ் பண்ண ஃபைல்ல ஒவ்வொரு பக்கமும் தனி செக்‌ஷன், எல்லாத்துக்கும் பக்க நம்பர் 1தான், 63ஆவது பக்கம்னு ஒண்ணு கிடையவே கிடையாது. இங்கிலீஷ் எஸ் எழுத்தை முன்னாடி போட்டு எஸ்63-எஸ்125ன்னு குடுங்க. ஜாம்ல பாதி வெளிய வந்த தாளைக் கிழிச்சுப் போடுங்க, நல்லாத்தான இருக்குன்னு உள்ள சேத்துட்டா பழையபடி ஒரே நம்பர் ரெண்டு.

பழைய அச்சகம்:
அந்தக் காலத்துல மேட்டரை அடிச்சு முடிச்சுட்டு நம்பருக்குன்னு தனியா ட்ரெடில்ங்கிற பழைய அச்சு மெஷின்ல ஏத்துவோம், நம்பரிங் மெஷின் ஒவ்வொரு அமுக்குக்கும் தானா ஒண்ணு ஏறும், சக்கரம் ஒட்டிக்கிச்சுன்னா நாலஞ்சு தாள் ஒரே நம்பர்ல போயிரும், பக்கத்துலயே ஒரு பையன் முழிச்சிட்டு நிக்கணும். தம்பி, வெட்டுறதுக்கு முன்னாடி முதல் தாள், நடுத்தாள், கடைசித் தாள் மூணையும் எடுத்து வெளிச்சத்துல ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பாருங்க. கோடு விலகியிருந்தா கத்தி நம்பரைத் தின்னுடும்.

ஊர்க்கணக்கு:
எஸ் போட்டதும் வந்திருச்சுக்கா. அண்ணே சொன்ன மாதிரி பாத்தேன், கடைசித் தாள் லேசா சாய்ஞ்சிருந்துச்சு, அதை மட்டும் எஸ்125ன்னு குடுத்து மறுபடி எடுத்துட்டேன். நாளைக்கு வெட்டக் குடுக்கிறேன்.