நாற்பதுக்குப் பிறகு சட்டம் படிக்கப் போறவை: வன்னியில் கண்டவை

மாங்குளத்தான்:
இலங்கைச் சட்டக் கல்லூரி நுழைவுக்கு விண்ணப்பம் நிரப்ப வந்த ஆசிரியை ஒருவர், வயது நாற்பத்தாறு. சாதாரண தரச் சான்றிதழ் 2009இல் போரின்ர கடைசியில மாத்தளனில் விட்ட பையோட போயிட்டுது. விண்ணப்பத்தில பெறுபேறு எழுதிற கட்டத்துக்கு மேல பேனையைப் பிடிச்சபடி இருந்த கை இன்னும் கண்ணுக்க நிக்குது. தமிழிலையும் ஆங்கிலத்திலையும் திறமைச் சித்தி, உயர்தரத்தில மூண்டு பாடம், இதுகளைக் காட்டாமல் சரிவராது. பெலவத்தையில இருக்கிற பரீட்சைத் திணைக்களத்தில பெறுபேற்றைத் திரும்ப எடுக்கலாம். எழுதின ஆண்டும் சுட்டெண்ணும் (பரீட்சை எண்) தெரிஞ்சிருந்தால் வேலை சுகம். சுட்டெண் மறந்தவை, தங்களோட பரீட்சை எழுதின ஆற்றையும் பழைய பெறுபேற்றுத் தாளைத் தேடுங்கோ. ஒரே மண்டபத்தில எண்கள் அடுத்தடுத்து வரும். பெயர் அடையாள அட்டையில ஒரு எழுத்து, பிறப்புப் பத்திரத்தில வேற எழுத்து எண்டால் முதல்ல அதைத் திருத்துங்கோ. விண்ணப்பம் கோரின பிறகு ஓடினால் நாள் போதாது.

நெடுங்கேணி:
அண்ணை, நுழைவுப் பரீட்சை மட்டும்தான் வழி எண்ட மாதிரி எழுதாதேங்கோ. திறந்த பல்கலைக்கழகத்தில சட்டமாணி (LLB) பட்டம் முடிச்சவைக்கு அந்த நுழைவுப் பரீட்சை இல்லை. யாழ்ப்பாணத்தில பிராந்திய நிலையம் இருக்கு, வேலையை விடாமல் படிக்கலாம். ஆனால் பட்டம் கிடைச்ச உடனே கறுப்புக் கோட்டுப் போடேலாது. கல்லூரியின்ர பரீட்சைகளையும் எழுதி, மூத்த சட்டத்தரணி ஒருவருக்குக் கீழ ஆறு மாதம் பயிலுநராய் இருந்து, உயர் நீதிமன்றத்தில (Supreme Court) சத்தியப்பிரமாணம் செய்ய வேணும். பரீட்சையெல்லாம் ஆங்கிலத்தில மட்டும் எண்டு கொண்டு வந்த விதியைப் பாராளுமன்றம் 2023 மார்ச்சில நிராகரிச்சிட்டுது. அதைச் சொல்லிப் பயப்படுத்துறவையை நம்பாதேங்கோ. எண்டாலும் தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கிடக்கு. தினமும் ஒரு பக்கம் வாசிச்சுப் பழகுங்கோ.

கனகராயன்குளம் அக்கா:
கிளிநொச்சி நீதிமன்ற வளவில ஒரு அம்மா. சீதனக் காணி, உறுதி (காணிப் பத்திரம்) அவவின்ர பெயரில. விக்கப் போனால், புருசனின்ர எழுத்துச் சம்மதம் இல்லாமல் எழுத மாட்டன் எண்டிட்டார் உறுதி எழுதிற நொத்தாரிசு. புருசன் காணாமல் போனவர். உறுதியை மடியில விரிச்சு, "இதில என்ர பெயர்தானே கிடக்கு" எண்டு விரலால காட்டினா. தேசவழமைக்கு (வடக்குத் தமிழரின்ர வழமைச் சட்டம்) உட்பட்ட மனைவி அசையாச் சொத்தை விக்க 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு புருசனின்ர சம்மதம் கேக்குது. அவர் இருக்கிற இடம் தெரியாட்டி, 8ஆம் பிரிவின்படி மாவட்ட நீதிமன்றத்திட்டச் சம்மதம் கேக்கலாம். இதை வாழ்ந்தே கண்டவை படிக்க வந்தால் பாடம் சட்டெண்டு பிடிபடும். ஆனால் விடைத்தாளில அந்த அம்மாவின்ர துயரத்தை எழுதினால் புள்ளி வராது. பிரச்சினை என்ன, எந்தப் பிரிவு, இந்த உண்மைகளுக்கு அது எப்படிப் பொருந்துது, முடிவு என்ன. இந்த ஒழுங்கு வேணும். வயது கூடினவை இதிலதான் சறுக்கினம்.

முத்தையன்கட்டு:
அக்கா சொன்னது உறுதிக் காணிக்கு. வன்னியில கனபேரிட்ட இருக்கிறது பெர்மிட் காணி, அரசு அனுமதிப்பத்திரத்தில குடுத்தது. அது 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குள்ள வரும். பின்னுரித்தாளரை (காணி அடுத்துப் போய்ச் சேருறவர்) பதியிறது, மாத்திறது எல்லாம் பிரதேச செயலகத்தில. நான் கண்ட ஒரு மாணவர், வயது ஐம்பதுக்கு மேல, "பத்து வருசம் இருந்திட்டம், ஆட்சியுரிமை வந்திட்டுது" எண்டு பெர்மிட் காணிக்கு எழுதினவர். கனகாலம் ஆண்டதால வாற அந்த ஆட்சியுரிமை அரசுக்கு எதிரா ஓடாது. தனியார் காணியில கூட, இடம்பெயர்ந்து போனவரின்ர வளவில குடியிருந்தவர் பத்து வருசக் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லேலாது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்துக்கு 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தனி ஏற்பாடு வைச்சிருக்கு. அது ஆருக்குப் பொருந்தும், அவர் என்ன காரணத்தால வழக்கு வைக்கேலாமல் போயிருக்க வேணும் எண்டதைப் பிரிவின்ர சொல்லிலேயே படியுங்கோ, குறிப்புப் புத்தகத்தில இல்லை. கேள்வியைக் கண்டதும் விளிம்பில இதை எழுதுங்கோ: உறுதியா, பெர்மிட்டா, எந்த ஆண்டு. அதுக்குப் பிறகு விடையைத் தொடங்குங்கோ.